வன்னியில் முதல் வீட்டுத்தோட்டம்: வாளிக் கணக்கில் இருந்து தொடங்குவோம்

2022 ஜூன் மாதம், சாமான் விலை எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போயிருந்த நேரம், அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்து, வீட்டில் தோட்டம் செய்யுங்கள் என்று அரசாங்கம் சொன்னது. யோசனை நல்லதுதான். ஆனால் ஜூன் மாதம் கொழும்புப் பக்கம் மழைக்காலம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் அது சோளகக் காற்று அடிக்கும் காலம். காலையில் ஊற்றிய தண்ணீரின் ஈரம் மத்தியானத்துக்கு இருக்காது. வன்னியில் அந்த மாதத்தில் முதல் விதையைப் போடுகிறவர், வருடத்தின் மிகக் கடினமான நாட்களில் தொடங்குகிறார்.

வீட்டுத்தோட்டக் குறிப்புகள் பெரும்பாலும் 'நல்ல வெயில் படும் இடத்தைத் தெரிவு செய்யுங்கள்' என்றுதான் ஆரம்பிக்கும். நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. காணிக்கும் பெரிதாகப் பஞ்சமில்லை. யாழ்ப்பாணத்தில் பரப்புக் கணக்கில் பேசுவார்கள் என்றால், இங்கே மேட்டுக்காணியை ஏக்கர் கணக்கில்தான் பேசுகிறோம். அதனால்தான் புதியவர்கள் வளவு முழுவதையும் துப்புரவாக்கிக் கொத்திவிட்டு, தை மாசியில் சந்தோஷப்பட்டு, சித்திரைக்குப் பிறகு தண்ணீர் இறைக்க முடியாமல் எல்லாவற்றையும் காயவிடுகிறார்கள். இங்கே தோட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது காணி அல்ல, ஆடி மாதத்தில் நீங்கள் அள்ளக்கூடிய தண்ணீர்.

அந்தக் கணக்கை இப்போதே போட்டுவிடுவோம். கடும் கோடையில் ஒரு சதுர மீற்றர் மரக்கறி நிலத்துக்கு நாளுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 லீற்றர் தண்ணீர் வேண்டும். 4 அடி அகலமும் 12 அடி நீளமுமான ஒரு பாத்தி ஏறத்தாழ நாலரைச் சதுர மீற்றர். அதற்கு 25 லீற்றர், அதாவது 10 லீற்றர் வாளியால் இரண்டரை வாளி. இப்படி நான்கு பாத்திக்குப் பத்து வாளி. கிணற்றில் அள்ளித் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுகிற ஒருவருக்கு, தினமும் பத்து வாளி என்பது செய்யக்கூடிய வேலை. கால் ஏக்கரை எடுத்தால் 5,000 லீற்றருக்கு மேல் போகும். மோட்டாரும் குழாயும் வைத்திருப்பவர் யோசிக்கலாம். ஆடியில் கிணறு அடிதட்டும் ஊரில் அவரும் கொஞ்சம் பொறுத்துத்தான் யோசிக்க வேண்டும். முதல் வருடத்துக்கு நான்கு பாத்தி போதும். சின்னக் குடும்பத்துக்கு அதிலேயே தாராளமாகக் கறிக்கு வரும்.

எந்த இடம்

வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடையில் உள்ள இடம்தான் பெரும்பாலும் சரியான இடம். தோட்டம் கண்ணில் பட்டால்தான் கவனிப்போம். வளவின் பின் மூலையில் வைத்தால் புழு தின்று முடித்த பிறகுதான் தெரியவரும். ஒரு நாளில் ஆறு மணித்தியாலமாவது வெயில் வேண்டும், ஆனால் பின்னேர வெயில் கொஞ்சம் மறைந்தால் நல்லதே. மா, வேம்பு, தென்னைக்கு மிகக் கிட்டே பாத்தி போட வேண்டாம். நீங்கள் ஊற்றும் தண்ணீரையும் எருவையும் அவற்றின் வேர்கள் முதலில் எடுத்துக்கொள்ளும்.

கார்த்திகை மழையில் வளவில் எங்கே தண்ணீர் தேங்கும் என்று வீட்டில் உள்ளவர்களிடம் கேளுங்கள். அந்தப் பள்ளம் கத்தரிக்கும் மிளகாய்க்கும் உதவாது; வாழைக்கு விடலாம். காற்றையும் பாருங்கள். சோளகம் தென்மேற்கில் இருந்து வரும். அந்தப் பக்கம் பனை மட்டை வேலியோ, அடர்ந்த கிளுவையோ, குறைந்தது ஒரு வரிசை மரவள்ளியோ இருந்தால் பாத்தியின் ஈரம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும்.

வன்னிக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பல வருடம் பற்றையாகக் கிடந்த நிலத்தைப் புதிதாகக் கொத்தும்போது தெரியாத இரும்புப் பொருள் எது தட்டுப்பட்டாலும் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், எடுத்து எறியாதீர்கள். அது போர்க்காலத்தில் வெடிக்காமல் புதைந்து கிடக்கும் வெடிபொருளாக இருக்கலாம். அடையாளம் வைத்துவிட்டு விலகி வந்து, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள். இதே காரணத்துக்காக அப்படிப்பட்ட நிலத்தில் குப்பையைக் குவித்து எரிப்பதையும் விட்டுவிடுங்கள். எரிப்பதைவிட உக்க விடுவது எப்படியும் மண்ணுக்கு நல்லது.

மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள்

ஒரு கைபிடி மண்ணை எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் மணல். முல்லைத்தீவுக் கரையோரம் இப்படித்தான் இருக்கும். உருண்டை பிடித்து, பெருவிரலால் தள்ளும்போது நாடாவாக நீண்டு வந்தால் களி. வயலை ஒட்டிய தாழ்வான காணிகளில் இதைப் பார்க்கலாம். உருண்டை பிடித்து, தள்ளும்போது சீக்கிரம் உடைந்து, விரலில் செம்மண் நிறம் ஒட்டினால், உட்புற வன்னியில் பரவலாக இருக்கும் செங்கபில மண்ணாக இருக்கலாம்.

இந்தச் செங்கபில மண்ணின் குணத்தைத் தெரிந்து வைத்திருங்கள். காய்ந்தால் அலவாங்கு போட்டாலும் அசையாது, நன்றாக நனைந்தால் மண்வெட்டியில் ஒட்டும். இரண்டுக்கும் நடுவில், முதல் மழை பெய்து ஓரிரு நாள் போன பிறகு, பொலபொலவென்று கொத்துப்படும் ஒரு பதம் வரும். அந்தப் பதத்தைத் தவறவிடாதீர்கள். கோடையிலேயே கொத்தித்தான் ஆகவேண்டும் என்றால், முதல் நாள் பின்னேரம் நிறையத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, அடுத்த நாள் கொத்துங்கள்.

மண் எதுவானாலும் மருந்து ஒன்றுதான்: எரு. இந்த விஷயத்தில் நாம் அதிர்ஷ்டசாலிகள், மாட்டுப் பட்டி இல்லாத ஊர் வன்னியில் குறைவு. பழைய, காய்ந்த, சாண மணம் போன எருவாகப் பார்த்து எடுங்கள். பச்சைச் சாணம் வேரைச் சுடும், புல்விதையையும் கூடவே கொண்டுவரும். மேலே சொன்ன அளவுப் பாத்தி ஒன்றுக்கு 10 கிலோ அளவில் போட்டு, மேல் அரை அடி மண்ணோடு கலந்துவிடுங்கள். மணல் காணிக்கு இதன் இரண்டு பங்கு போட்டாலும் பிழையில்லை. வேலியில் சீமைக்கிளுவை நின்றால் அதன் இலையையும் வெட்டிக் கலக்கலாம். தழைச்சத்து நிறைந்த இலை அது, காசும் இல்லை.

மாரிக்கு மேடு, கோடைக்குப் பள்ளம்

ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த பகுதியைத்தான் இலங்கையில் உலர் வலயம் என்கிறார்கள். வன்னி முழுவதும் அதற்குள் வருகிறது. ஆனால் நம்முடைய சிக்கல் மழை குறைவு என்பதைவிட, அது ஒரேயடியாக வருவதுதான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று மாதத்தில் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டுப் போய்விடும். அதனால் ஒரே வளவில் இரண்டு விதமான தோட்டம் செய்யப் பழக வேண்டும். எங்கள் பக்கத்து வயது போன தோட்டக்காரர்களைக் கேட்டால், "மாரியிலை தண்ணியை வெளியாலை விடோணும், கோடையிலை உள்ளுக்கை மறிக்கோணும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

மாரியில் பாத்தியை அரை அடியில் இருந்து ஒரு அடி வரை உயர்த்துங்கள். பாத்திகளுக்கு இடையில் ஒன்றரை அடி வாய்க்கால் விட்டு, அந்தத் தண்ணீர் வளவின் தாழ்ந்த பக்கம் ஓட வழி வையுங்கள். அகலம் 4 அடிக்கு மேல் போக வேண்டாம். இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுவை எட்ட வேண்டும், பாத்திக்குள் மிதிக்கவே கூடாது. மாரி முடிந்து அடுத்த பயிருக்குக் கொத்தும்போது மேட்டை இழுத்து மட்டப்படுத்தி, ஓரங்களில் வரம்பு கட்டி, நடுவை மூன்று நான்கு அங்குலம் தாழ்த்திவிடுங்கள். ஊற்றுகிற தண்ணீர் வழிந்தோடாமல் அங்கேயே இறங்கும். கரையோர மணல் காணிக்காரர்கள் மாரியிலும் இவ்வளவு உயர்த்தத் தேவையில்லை.

மாசி பங்குனியில் காலபோக நெல் வெட்டி முடிய, ஊரெல்லாம் வைக்கோல் கிடக்கும். நமக்கு அது தேவைப்படும் நேரமும் அதுதான். செடிகளுக்கு இடையில் இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பரப்பிவிட்டால் வெயில் நேரே மண்ணில் படாது, தண்ணீர்ச் செலவு கண்ணுக்குத் தெரியக் குறையும். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுங்கள். இல்லாவிட்டால் வைக்கோலுக்கு வரும் கறையான் செடியையும் பார்த்துவிட்டுப் போகும். தண்ணீரைக் காலையில் வெயில் ஏறமுன் அல்லது பின்னேரம் விடுங்கள், இலையில் அல்ல, வேரடியில். குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் சும்மா ஓடிப் போகிறதா? அதை ஒரு வாய்க்காலால் வாழைக்கும் பப்பாசிக்கும் திருப்பிவிடுங்கள். சவர்க்காரத் தண்ணீரைக் கீரைக்கு மட்டும் விட வேண்டாம்.

எந்த மாதத்தில் எது

ஆவணியில் இடம் பார்த்து, வேலி அடைத்து, எரு சேர்க்கலாம். புரட்டாதியில் மழைக்குணம் தெரிந்தவுடன் கொத்துங்கள். முதல் மழையோடு நேரடியாக விதைக்கக்கூடிய மூன்றில் இருந்து தொடங்குவது நல்லது: கீரை, வெண்டி, பயற்றை.

கீரைதான் புதியவருக்குத் தைரியம் தரும் பயிர். விதைத்து 25, 30 நாளில் கறி. விதை மிகச் சின்னது, அப்படியே தூவினால் ஒரே இடத்தில் விழும், எறும்பும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு மணல் கலந்து தூவி, மேலே மெல்லிதாக மண் போட்டு, பூவாளியால் நனையுங்கள். வாளியால் ஊற்றினால் விதை எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். முழுப் பாத்தியிலும் ஒரே நாளில் விதைக்காமல், இரண்டு கிழமைக்கு ஒரு துண்டு என்று விதைத்தால் தொடர்ந்து கிடைக்கும். கொட்டுகிற மழையில் கீரை சாய்ந்து அழுகும். அந்தக் கிழமைகளில் கவலைப்படாமல் விட்டுவிட்டு, மழை தணிந்ததும் திரும்ப விதையுங்கள்.

வெண்டி விதையை ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, 3 அடிக்கு 2 அடி இடைவெளியில் குழிக்கு இரண்டு மூன்று விதையாக ஊன்றுங்கள். முளைத்த பிறகு நல்லதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். 45, 50 நாளில் காய் தொடங்கும். அதன் பிறகு ஒன்றுவிட்ட ஒரு நாள் காய் ஒடிக்க வேண்டும், தவறினால் முற்றிவிடும். விதைப் பைக்கற்றில் எம்.ஐ.5, எம்.ஐ.7, ஹரித என்று பெயர் இருக்கும். எம்.ஐ. என்பது மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும். அதுவும் உலர் வலயத்தில் இருப்பதால் அங்கே உருவான இனங்கள் நம் வெயிலுக்குப் பழக்கப்பட்டவை. கத்தரியில் 'திருநெல்வேலி ஊதா' இன்னும் கிட்ட, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரைக் கொண்ட இனம். விதையும் ஆலோசனையும் தேடுவோர் தங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்திக்கலாம். கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை, அது அவர்களுடைய வேலைதான்.

பயற்றைக்குத் தடி வேண்டும். சீமைக்கிளுவைத் தடி ஊன்றினால் மாரியில் அது துளிர்த்தும் விடும். துளிர்த்தால் இலைக்கு இலை ஆயிற்று. நுனிகளில் சின்னப் பேன் கறுப்பாக மொய்த்தால் உடனே மருந்துக் கடைக்கு ஓடாமல், தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

மிளகாய், தக்காளி, கத்தரி மூன்றும் நாற்றுப் போட்டு நடுகிறவை. கத்தரியைப் புரட்டாதியில் நாற்றுப் போட்டு ஐப்பசியில் நட்டுவிடலாம், மழையைக் கொஞ்சம் தாங்கும். மிளகாயும் தக்காளியும் அப்படியல்ல. கார்த்திகை மழையில் நட்ட தக்காளிக் கன்று வேரழுகிப் போக வாய்ப்பு அதிகம். கார்த்திகைக் கடைசியில் ஓலைக்கூரையின் கீழ் நாற்றுப் போட்டு, மார்கழிக் கடைசியில் மழை ஓயும்போது நடுங்கள். தை மாசியில் இரவுகள் குளிராகவும் கிணறுகள் நிறைந்தும் இருக்கும். என்னைக் கேட்டால், வருடத்தில் அந்த இரண்டு மாதத்தை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே தோட்டம் வென்ற மாதிரி.

நான்கு பாத்திக்கு நாற்றுமேடை எல்லாம் தேவையில்லை. தயிர் வாங்கிய மண்சட்டி, அடியில் துளை போட்டால் அருமையான நாற்றுச்சட்டி. நல்ல மேல்மண் ஒரு பங்கு, உக்கிய எரு ஒரு பங்கு கலந்து நிரப்பி, விரல் நகம் அளவு ஆழத்தில் வரிசையாக விதைத்து, முளைக்கும் வரை வைக்கோலால் மூடி வையுங்கள். முளை கண்டதும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்டு வெளிறி நீண்டுவிடும். தக்காளி மூன்றரைக் கிழமையில் தயார், மிளகாய் நான்கு ஐந்து கிழமை எடுக்கும். நடுவதைப் பின்னேரத்தில் செய்து, மூன்று நான்கு நாள் பூவரசங் கொப்பாலோ கிடுகாலோ நிழல் கொடுங்கள். கத்தரிக்கு 3 அடிக்கு 2 அடி, மிளகாய்க்கு 2 அடிக்கு ஒன்றரை அடி. பார்க்க வெறுமையாக இருக்கும். இடையில் இன்னும் இரண்டு நடலாமே என்று மனம் சொல்லும், கேட்காதீர்கள். இந்த மூன்றும் ஒரே குடும்பம், நோயும் பொது. இந்த வருடம் கத்தரி நின்ற பாத்தியில் அடுத்த வருடம் தக்காளியை வைக்காமல் பயற்றையையோ கீரையையோ வையுங்கள்.

பூசணியைத் தையில் வேலியோரம் ஒன்றிரண்டு குழியில் போட்டுவிட்டால் அது தன் பாட்டில் படரும். முதலில் வரும் பூக்கள் உதிர்வதைப் பார்த்து நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அவை ஆண் பூக்கள். பின்னால் குட்டிக் காயைச் சுமந்துகொண்டு வருவதுதான் பெண் பூ. காய் பிடிக்காவிட்டால் காலையிலேயே ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள்.

இவை தவிர, ஒருமுறை வைத்தால் வருடக்கணக்கில் நிற்பவை. வளவு ஓரத்தில் முருங்கைத் தடி, வாசலுக்கு அருகில் கறிவேப்பிலை, கிணற்றடி ஈரத்தில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும், ஒரு தேசி. கோடையில் பாத்திகளில் பாதியைச் சும்மா விட்டாலும் இவற்றில் இருந்து சோற்றுக்கு ஏதாவது வந்துகொண்டிருக்கும். களை பிடுங்கும்போதும் கொஞ்சம் பார்த்துப் பிடுங்குங்கள். மழைக்குத் தானாக முளைக்கும் சாரணை, வேலியில் ஏறும் முசுமுசுக்கை எல்லாம் நம் ஆச்சிமார் சமைத்தவைதான்.

பூச்சியும் மிருகமும்

கத்தரிச் செடியில் எல்லாம் பச்சையாக இருக்க ஒரு நுனி மட்டும் தலை தொங்கி வாடி நின்றால், தண்ணீர்க் குறை என்று நினைத்து வாளியைத் தூக்க வேண்டாம். வாடிய இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டி, தண்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு சின்னப் புழு இருக்கும். தண்டையும் காயையும் துளைக்கும் புழு அது. நுனியோடு வெட்டிக் கோழிக்குப் போடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை இப்படிப் பார்த்து வெட்டினால் காய்க்கு வரும் சேதம் நிறையக் குறையும். துளை விழுந்த காயையும் செடியடியில் போடாதீர்கள்.

மிளகாயில் இலை சுருண்டால், வெண்டியில் இலை நரம்பு மஞ்சளித்தால், பின்னால் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கம் இருந்து சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சிகள் இருக்கும். நரம்பு மஞ்சளித்த வெண்டியைக் காப்பாற்ற முடியாது, பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் மற்றச் செடிக்குச் செய்யும் உதவி. மற்றவற்றுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் நல்லது. வேப்பம்பழக் காலத்தில் கொட்டை பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது பருப்பை இடித்து, லீற்றருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, பின்னேரம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள்.

பூச்சியைவிடப் பெரிய பிரச்சினை நான்கு கால்காரர்கள். கட்டாக்காலி மாடும் ஆடும் ஒரு இரவில் மூன்று மாத உழைப்பை முடித்துவிடும், ஆகவே வேலிக்கு முன் விதை வாங்காதீர்கள். வளவு முழுவதும் அடைக்கக் காசில்லை என்றால் நான்கு பாத்தியை மட்டும் அடையுங்கள், சின்னத் தோட்டத்தின் இன்னொரு வசதி அது. கிளுவை அல்லது பூவரசங் கதியாலை நெருக்கமாக நட்டு, குறுக்கே பனை மட்டை கட்டினால் மாட்டுக்குப் போதும். வீட்டுக் கோழியும் மயிலும் கன்றைக் கொத்தாமல் இருக்கப் பழைய மீன்வலையைப் பாத்திக்கு மேலே இழுத்துக் கட்டலாம். குரங்குக்கு உண்மையான பதில் யாரிடமும் இல்லை. குரங்குத் தொல்லை உள்ள ஊரில் பழமரத்திலும் பூசணியிலும் நம்பிக்கை வைக்காமல், மிளகாய், பாகல், மஞ்சள், கீரை என்று அது அவ்வளவாக விரும்பாதவற்றைக் கூட்டுவதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும். யானையும் பன்றியும் வரும் காட்டோரக் காணி என்றால், தோட்டத்தை வீட்டின் முன்பக்கத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

அடுத்த வருட விதை

நன்றாகக் காய்த்த, நோய் பிடிக்காத ஒரு வெண்டிச் செடியைத் தெரிவு செய்து, அதில் இரண்டு காய்க்கு நூல் கட்டி, இவற்றை ஒடிக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். காய் செடியிலேயே காய்ந்து வெடிப்பு விடும் நேரத்தில் எடுத்தால் போதும். கத்தரிக்காயை மஞ்சளாகப் பழுக்கும் வரை விட்டு, விதையைத் தண்ணீரில் கழுவி, அடியில் தங்குவதை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். நன்றாக உலர்ந்த விதையை இறுக்கி மூடும் போத்தலில் கொஞ்சம் அடுப்புச் சாம்பலோடு போட்டு, பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள். பைக்கற்றில் எஃப்1 என்றோ கலப்பினம் என்றோ இருந்த விதையில் வந்த காய்க்கு இது சரிவராது. அதன் பிள்ளைகள் தாயைப் போல வரா, அதை மட்டும் வருடாவருடம் கடையில்தான் வாங்க வேண்டும்.